ஒரே எழுத்துக்கூட்டத்துல ஒளிஞ்சிருக்கற இங்கிலீஷ் வார்த்தைகள்: அர்த்தத்தோட கும்பலா பிடிக்க முழு வழிகாட்டி

வொகாபுலரி படிக்கணும்னு ஆசப்பட்ட யாரும் ஒரு தடவையாவது இந்த தப்ப பண்ணாம இருந்திருக்க மாட்டாங்க, டிக்‌ஷனரிய தெறந்து முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கறது. நானும் ஆரம்பிச்சேன். அபேட், அபெட், அபாஷ், அப்ஹார், அப்டிகேட், அப்டக்ட், அப்ரப்ட், அப்ரகேட். முதல் நாள் எட்டும் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, நாலாவது நாள் பாத்தா எட்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்து கூழாயிடுச்சு, எது கடத்தறது எது தணியறதுன்னு சத்தியமா தெரியல. முதல் ரெண்டு எழுத்து ஒண்ணா இருக்குங்கறதுதான் அந்த லிஸ்ட்ல இருந்த ஒரே ஒழுங்கு, அந்த ஒழுங்கே மண்டைய குழப்புது.

எழுத்து ஒண்ணா இருக்கறது மட்டும் போதாது, அந்த எழுத்துக்கூட்டம் ஒரு அர்த்தத்த தூக்கிட்டு வரணும். அப்படி தூக்கிட்டு வர்ற கூட்டம் எது, தூக்காம சும்மா வேஷம் போடற கூட்டம் எதுன்னு பிரிச்சு பாக்க தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. கீழ படிப்படியா சொல்றேன். வார்த்தையெல்லாம் தமிழ்லயே எழுதியிருக்கேன், நீங்க ஒரு நோட்ட வச்சுகிட்டு ஒவ்வொண்ணுக்கும் ஸ்பெல்லிங்க நீங்களா எழுதிப் பாத்துட்டு அப்புறம் டிக்‌ஷனரில சரி பாருங்க, அதுவே ஒரு பயிற்சி.

படி 1: ஒரே ஒரு குடும்பத்த எடுங்க, முழுசா எடுங்க

எஸ்-பி-இ-சி-டி, அதாவது ஸ்பெக்ட். லத்தீன்ல இதுக்கு பாக்கறதுன்னு அர்த்தம். இன்ஸ்பெக்ட்னா உள்ள பாக்கறது, அதான் சோதனை போடறது. ஸ்பெக்டேட்டர் பார்வையாளர். ஸ்பெக்டகில்னா எல்லாரும் நின்னு பாக்கற காட்சி, அதோட கடைசில ஒரு எஸ் சேந்தா மூக்குக்கண்ணாடி. ரெட்ரோஸ்பெக்ட் பின்னாடி திரும்பி நடந்து முடிஞ்சத பாக்கறது. ப்ராஸ்பெக்ட் முன்னாடி பாக்கறது, அதனால வாய்ப்பு, எதிர்காலம். இன்ட்ரோஸ்பெக்‌ஷன் தன்னையே உள்ளுக்குள்ள பாத்துக்கறது. சர்க்கம்ஸ்பெக்ட்னா சுத்தி முத்தி பாத்து காலெடுத்து வைக்கற ஆளு, ஜாக்கிரதைக்காரன். சஸ்பெக்ட் இன்னும் அழகு, சப்னா கீழ, கீழ இருந்து மேல ஒரு மாதிரி பாக்கறது, சந்தேகப் பார்வை எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. ரெஸ்பெக்ட்னா திரும்பிப் பாக்கறது, ஒருத்தர் கடந்து போனா நின்னு திரும்பிப் பாக்க வைக்கறாருன்னா அதுதான் மரியாதை.

எக்ஸ்பெக்ட்டும் இதே வீட்டுப் பிள்ளைதான், ஆனா எக்ஸ் எழுத்துலயே எஸ் சத்தம் இருக்கறதால ஸ்பெக்ட்ல இருந்த எஸ் விழுந்துடுச்சு. எக்ஸ்னா வெளிய, வாசல்ல நின்னு வெளிய பாத்துகிட்டே இருக்கறது. நம்ம எதிர்பார்ங்கற சொல்லும் அச்சு அசலா இப்படித்தான் இருக்கு, எதிர் பிளஸ் பார். மேற்பார்வை, பார்வையாளர், கண்ணோட்டம்னு நாமளும் பார்வைய வச்சேதான் இத்தன வார்த்தைய கட்டியிருக்கோம். அதனால இது ஏதோ அந்நியமான வித்தைன்னு பயப்பட ஒண்ணுமில்ல, தமிழ்ல யோசிக்காம செய்யறத இங்கிலீஷ்ல யோசிச்சு செய்யப் போறோம் அவ்வளவுதான்.

குடும்பத்துல கொஞ்சம் முகம் மாறின சொந்தக்காரங்களும் உண்டு. கன்ஸ்பிக்யுவஸ்னா பளிச்னு கண்ணுல படறது, டெஸ்பைஸ்னா மேல நின்னு கீழ பாக்கறது, அதாவது ஏளனமா வெறுக்கறது. இங்க ஸ்பெக்ட் இல்ல, எஸ்-பி-ஐ ஆயிருக்கு. இத மொத நாளே தேடிப் போகாதீங்க, நேரடியா தெரியற ஆறேழு வார்த்தை ஒட்டினதுக்கு அப்புறம் இவங்கள கூப்பிடுங்க.

படி 2: தலைய தனியா கழட்டுங்க

உடம்பு ஸ்பெக்ட்னா தலைதான் இன், ரெட்ரோ, சப் எல்லாம். தலைகள் மொத்தமே ஒரு இருபது தெரிஞ்சா போதும், அத எல்லா புக்லயும் பட்டியல் போட்டு குடுத்திருப்பாங்க, நான் திரும்ப போடல. ஆனா அந்தப் பட்டியல் பெரும்பாலும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு, தலை உடம்போட ஒட்டும்போது மாறிடும். பொன் பிளஸ் குடம் பொற்குடம், மண் பிளஸ் குடம் மட்குடம்னு ஸ்கூல்ல புணர்ச்சி விதி படிச்சோமே, அதேதான். லத்தீன்லயும் நாக்குக்கு கஷ்டமா இருந்தா எழுத்த மாத்திகிட்டாங்க.

ஆட்ங்கற தலைக்கு அர்த்தம் நோக்கி, பக்கமா. இது அடுத்த எழுத்த பாத்து டி-ய விட்டுட்டு அந்த எழுத்தாவே மாறிடும். அதான் அட்ராக்ட்ல ரெண்டு டீ (பக்கமா இழுக்கறது), அசிஸ்ட்ல ரெண்டு எஸ் (பக்கத்துல நிக்கறது, உதவி), அக்ரசிவ்ல ரெண்டு ஜி (மேல மேல ஏறி வர்றது), ஆக்ஸிலரேட்ல ரெண்டு சி (வேகம் கூட்டறது), அலொகேட்ல ரெண்டு எல் (இடம் ஒதுக்கறது). அரைவ் எடுத்துக்கங்க, ரெண்டு ஆர் வரும், ஆட் பிளஸ் ரீபா, ரீபான்னா கரை. வந்து சேர்றதுன்னா கரை சேர்றது! இத தெரிஞ்ச நாள்ல இருந்து அரைவ்ல ஒரு ஆரா ரெண்டு ஆரான்னு எனக்கு சந்தேகமே வந்ததில்ல.

எல்லாரும் தப்பா எழுதற அக்காமடேட்டுக்கும் விடை இங்கதான். ஆட், காம் ரெண்டு தலை, அப்புறம் மோடஸ்னு உடம்பு. ஆட்ல இருந்த டி, சி ஆச்சு, அதனால ரெண்டு சி. காம்ல இருந்து ஒரு எம், மோடஸ்ல இருந்து ஒரு எம், அதனால ரெண்டு எம். அர்த்தம் இடம் குடுத்து வசதி பண்றது.

சப்ங்கற தலையும் இப்படித்தான் ஆட்டம் காட்டும். சப்போர்ட்னா கீழ இருந்து தாங்கறது, சஃபர்னா கீழ இருந்து சுமக்கறது, நாமளும் வலிய தாங்கறதுன்னுதான சொல்றோம். காம்னா சேந்து, அது கலெக்ட்ல கால் ஆகும், கரெக்ட்ல கார் ஆகும், கனெக்ட்ல கான் ஆகும்.

இல்லைங்கற அர்த்தத்துல வர்ற இன் கூட இல்லீகல், இம்மெச்சூர், இர்ரெகுலர்னு மாறும். ஆனா இந்த இன்ன கண்ண மூடிட்டு நம்பாதீங்க. இன்ஃப்ளேமபிள்னா தீப்பிடிக்காததுன்னு நெனச்சீங்கன்னா ஆபத்து, அதுக்கு அர்த்தம் சட்டுனு தீப்பிடிக்கும்ங்கறது, அங்க இன் உள்ளங்கற அர்த்தத்துல வந்து உக்காந்திருக்கு. இன்வேல்யுவபிள்னா மதிப்பில்லாததும் இல்ல, மதிப்பே போட முடியாத அளவுக்கு ஒசந்தது.

இன்னொரு சின்ன உபயோகம், டிஸ் வர்ற வார்த்தைல எத்தன எஸ்னு குழம்பறவங்களுக்கு: தலைய கழட்டிட்டு மீதிய பாருங்க. டிஸ்அப்பியர்ல மீதி அப்பியர், அதனால ஒரே எஸ். டிஸ்சாட்டிஸ்ஃபைடுல மீதி எஸ்லயே ஆரம்பிக்குது, அதனால ரெண்டு.

படி 3: உடம்பு உருமாறற ஜோடிகள எழுதி வைங்க

ஒரு வினைச்சொல்ல பெயர்ச்சொல்லாக்கும்போது நடு எழுத்து மாறும், ஆனா இஷ்டத்துக்கு மாறாது. ஒரு ஜோடி தெரிஞ்சா அதே அச்சுல பத்து வார்த்தை வார்க்கலாம்.

ஸ்க்ரைப் ஆனது ஸ்க்ரிப்ட் ஆகும், எழுதறதுன்னு அர்த்தம். டிஸ்க்ரைப் டிஸ்க்ரிப்ஷன் (விவரிக்கறது), சப்ஸ்க்ரைப் சப்ஸ்க்ரிப்ஷன் (அடில பேர எழுதி கையெழுத்து போடறது, அதுலருந்துதான் சந்தா), ட்ரான்ஸ்க்ரைப் ட்ரான்ஸ்க்ரிப்ஷன் (கேட்டத எழுத்துல கொண்டு வர்றது). மேனுஸ்க்ரிப்ட் கையால எழுதின பிரதி.

சீவ் ஆனது செப்ட் ஆகும், எடுக்கறது பிடிக்கறதுன்னு அர்த்தம்: ரிசீவ் ரிசெப்ஷன், டிசீவ் டிசெப்ஷன் (ஏமாத்தறது), பெர்சீவ் பெர்செப்ஷன் (உணர்ந்து புரிஞ்சுக்கறது). மிட் ஆனது மிஷன் ஆகும், அனுப்பறது: பெர்மிட் பெர்மிஷன், ட்ரான்ஸ்மிட் ட்ரான்ஸ்மிஷன், அனுப்பிச்சு விடற ஆயுதம் மிசைல், போய்ட்டு வாடான்னு அனுப்பிவிடறது டிஸ்மிஸ். பெல் ஆனது பல்ஷன் ஆகும், தள்ளறது: கம்பெல் கம்பல்ஷன் (கட்டாயம்), எக்ஸ்பெல் எக்ஸ்பல்ஷன் (வெளிய தள்றது). சூம் ஆனது சம்ப்ஷன்: கன்சூம் கன்சம்ப்ஷன், அசூம் அசம்ப்ஷன், ப்ரிசூம் ப்ரிசம்ப்ஷன். அந்த நடுவுல வர்ற பி-ய விட்டுட்டு எழுதறவங்க நெறய, ஜோடியா படிச்சா விடமாட்டீங்க.

எழுதறதுங்கற குடும்பத்துல ஒரு கண்ணிவெடி இருக்கு, ப்ரிஸ்க்ரைபும் ப்ரோஸ்க்ரைபும். முதல்ல சொன்னது முன்னாடியே எழுதிக் குடுக்கறது, டாக்டர் மருந்து எழுதறது. ரெண்டாவது தடை பண்றது. ஒரே எழுத்து வித்தியாசத்துல எப்படி தலைகீழாச்சுன்னா, ப்ரோ இங்க பொதுவுல, எல்லாரும் பாக்கங்கற அர்த்தம். கி.மு. 82ல ரோம்ல சுல்லாங்கற சர்வாதிகாரி தன் எதிரிங்க பேரையெல்லாம் எழுதி பொது இடத்துல ஒட்டினான், அந்த லிஸ்ட்ல பேர் வந்தா உயிருக்கும் சொத்துக்கும் பாதுகாப்பு போச்சு. எழுதி ஒட்டறதுங்கற வார்த்தை அதனாலதான் ஒதுக்கித் தள்ளறதா ஆயிடுச்சு. இத படிச்சதுக்கப்புறம் ரெண்டையும் மாத்தி எழுத முடியுமா சொல்லுங்க.

படி 4: அடுத்தடுத்த குடும்பங்கள், ஆனா ஒரு நாளைக்கு ஒண்ணுதான்

ரப்ட், உடையறது. இன்டரப்ட் நடுவுல புகுந்து உடைக்கறது, குறுக்கிடறது. எரப்ட் உடைச்சுகிட்டு வெளிய வர்றது, எரிமலை. டிஸ்ரப்ட் சீர்குலைக்கறது. கரப்ட் உள்ளுக்குள்ள உடைஞ்சு கெட்டுப் போனது. ரப்ச்சர் கிழிசல், முறிவு. பேங்க்ரப்ட்டுக்கு மட்டும் தனி ஊர்ப்பயணம், இத்தாலில வட்டிக்கு பணம் குடுக்கறவங்க உக்கார்ற பெஞ்சுக்கு பாங்கா, நொடிச்சுப் போனா பாங்கா ரோட்டா, உடைஞ்ச பெஞ்சு. அது இங்கிலீஷுக்கு வந்தப்ப கடைசிப் பகுதிய லத்தீன் ரப்ட் மாதிரி மாத்தி எழுதிட்டாங்க.

டிக்ட், சொல்றது. ப்ரிடிக்ட் முன்கூட்டி சொல்றது. கான்ட்ரடிக்ட் எதிர்த்துச் சொல்றது. வெர்டிக்ட் உண்மையச் சொல்றது, தீர்ப்பு. டிக்டேட் சொல்லச் சொல்ல எழுத வைக்கறது, அதே சொல்லு அதிகாரமாச்சுன்னா டிக்டேட்டர். அடிக்ட் எப்படி இங்க வந்தான்னு கேப்பீங்க, ரோமச் சட்டத்துல கடன கட்ட முடியாதவன கடன் குடுத்தவன்கிட்டயே நீதிமன்றம் ஒப்படைச்சுடும், இவன் இனி உன் ஆளுன்னு சொல்லி. அப்படி ஒப்படைக்கப்பட்டவன் அடிக்டஸ். இப்ப போதைக்கு ஒப்படைக்கப்பட்டவன். ஸ்பெல்லிங்ல டிக்ட் இருந்தும் சத்தத்துல காணாம போறது இன்டைட், குத்தம் சாட்டறது, இத இன்டிக்ட்னு படிச்சு பல்ப் வாங்காதீங்க, நான் வாங்கிட்டேன்.

பெட், கால். பெடல், பெடஸ்ட்ரியன் (நடந்து போறவர்), பைபெட் (ரெண்டு காலி), சென்டிபீட் (பூரான், பேருக்கு நூறு காலு). இம்பீட்னா கால்ல விலங்கு மாட்டறது, அதனால தடுக்கறது. எக்ஸ்பிடைட்னா அந்த விலங்குலருந்து கால விடுவிக்கறது, அதனால வேகப்படுத்தறது. ஒண்ணுக்கொண்ணு எதிர்ச்சொல்லு, ரெண்டும் ஒரே காலு. வம்சாவளிங்கற அர்த்தத்துல வர்ற பெடிக்ரீயும் கால்தான், ஆனா கொக்கோட கால்! பழைய பிரெஞ்சுல கொக்கின் கால்னு சொன்னது, வம்ச மரம் வரையும்போது போடற கோடு கொக்குக் கால் தடம் மாதிரி இருந்துச்சாம்.

சைட், வெட்டறது கொல்றது. பெஸ்டிசைட் பூச்சிக்கொல்லி, ஹோமிசைட் கொலை. இதே வீட்டுல சாதுவா உக்காந்திருக்கறவன் டிசைட். முடிவெடுக்கறதுன்னா வெட்டி விடறது, வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு நாம சொல்ற அதே சங்கதி. சுருக்கமா வெட்டின பேச்சு கன்சைஸ்.

டக்ட் (நடத்திட்டுப் போறது), வர்ட் (திரும்பறது), போர்ட் (தூக்கறது), டெய்ன் (பிடிச்சு வைக்கறது) இதெல்லாம் நீங்களே போட்டுப் பாருங்க. இதுக்கு ஒரு வழி சொல்றேன், ஒன்லுக்னு ஒரு டிக்‌ஷனரி தேடற தளம் இருக்கு, அதுல அந்த எழுத்துக்கூட்டத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு நட்சத்திரக் குறி போட்டு தேடினா அந்த எழுத்து வர்ற வார்த்தையெல்லாம் கொட்டும். கொட்டறது எல்லாமே குடும்பம் இல்ல, அதுக்குத்தான் அடுத்த படி.

படி 5: வேஷக்காரங்கள வெளிய அனுப்புங்க

இந்தப் படிய விட்டுட்டு போறவங்கதான் அதிகம், அதனாலதான் வேர்ச்சொல் முறை வேலைக்காகாதுன்னு பாதில கைவிடறதும். எழுத்து ஒத்துப் போகும், ரத்தம் ஒத்துப் போகாது.

போர்ட்ட எடுங்க. இம்போர்ட், எக்ஸ்போர்ட், போர்ட்டபிள் எல்லாம் தூக்கற குடும்பம். ஆனா போர்ட்ரைட் இல்ல, அது இழுக்கறது வரையறதுங்கற ட்ராக்ட் வீட்டுப் பிள்ளை. ஆப்பர்ச்சுனிட்டிக்குள்ள இருக்கற போர்ட் துறைமுகம், கப்பல துறைமுகம் பக்கமா தள்ளிட்டுப் போற காத்து, காத்துள்ளபோதே தூற்றிக்கொள்னு நாம சொல்றோமே அந்த ஜாதி.

பெட்னா காலுன்னு சொன்னேன்ல, பீடியாட்ரிஷியன் கால் டாக்டர் இல்ல. அது கிரேக்கம், குழந்தைங்கற வார்த்தைலருந்து வந்தது. டி-இ-ஆர்-ஆர் வர்ற டெர்ரெய்ன், டெரிட்டரி, மெடிட்டரேனியன்ல நிலம் இருக்கு, அதே நாலு எழுத்து வர்ற டெரர், டெரிபிள்ல பயம் இருக்கு. மேனுவல், மேனுஃபேக்சர், மேனேஜ் மூணுலயும் இருக்கற மேன் ஆம்பள இல்ல, கை. ஹிஸ்டரில ஹிஸ் இருக்கேன்னு அவனோட கதைன்னு பிரிக்கறதும் வேடிக்கைக்கு மட்டும்தான் ஆகும்.

எப்படி கண்டுபிடிக்கறது? பிரிச்சுப் பாத்து அர்த்தம் இயல்பா வந்து உக்காரணும். நீங்க ஒரு கதைய இழுத்து இழுத்து பொருத்த வேண்டியிருந்தா சந்தேகப்படுங்க, எடிமான்லைன்னு வார்த்தையோட பிறப்ப சொல்ற ஒரு தளம் இருக்கு, அங்க போய் ஒரு நிமிஷம் பாருங்க, இலவசம்தான், எந்த மொழில இருந்து எந்த நூற்றாண்டுல வந்ததுன்னு போட்டிருக்கும். 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்த பிடிச்சதுக்கு அப்புறம் பிரெஞ்சு வழியா ஒரு கும்பல் வார்த்தை வந்துச்சு, பின்னால படிச்சவங்க லத்தீன்லருந்தும் கிரேக்கத்துலருந்தும் நேரடியா இன்னொரு கும்பல கூட்டிட்டு வந்தாங்க, இத்தன பேர் ஒரே வீட்டுக்குள்ள வந்தா முக ஜாடை தற்செயலா ஒத்துப் போகத்தான செய்யும்.

படி 6: சத்தத்துலயே அர்த்தம் இருக்கற கூட்டம்

இது லத்தீன் வேர் இல்ல, வேற மாதிரி. நம்ம பளபள, பளிச், பளீர், பளிங்கு எல்லாத்துலயும் ஒரு பள இருக்கு பாருங்க, காதுலயே வெளிச்சம் அடிக்குது. இங்கிலீஷ்ல அதுக்கு ஜி-எல். பிரிட்டன் மொழியியல் அறிஞர் ஜே. ஆர். ஃபர்த் 1930ல இந்த மாதிரி கூட்டத்துக்கு ஃபோனஸ்தீம்னு பேர் வச்சாரு.

இந்த குடும்பத்துல எல்லாத்துக்கும் மினுக்கறதுன்னு ஒரே அர்த்தம் எழுதி வச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல, வித்தியாசத்துலதான் விஷயமே. க்ளோ, கங்கு மாதிரி உள்ளேருந்து கனன்று தர்ற ஒளி. க்ளீம், தேய்ச்சு வச்ச உலோகம் மாதிரி சீரான பளபளப்பு. க்ளிட்டர், ஜிகினா மாதிரி சின்னச் சின்னதா பல புள்ளி. க்ளிசன், ஈரத்துல வர்ற மினுமினுப்பு, பனித்துளி, வேர்வை, கண்ணீர் நிறைஞ்ச கண்ணு. க்ளின்ட், கத்தி முனைல ஒரே வெட்டா வந்து போற ஒளி. க்ளிம்மர், அணையப் போற விளக்கு மாதிரி மங்கலா மினுக் மினுக், அதனாலதான் கொஞ்சூண்டு நம்பிக்கைக்கும் இதையே சொல்றாங்க. க்ளேர், கண்ணு கூசற வெளிச்சம், இன்னொரு அர்த்தம் முறைச்சுப் பாக்கறது. க்ளான்ஸ் நாமளா சட்டுனு ஒரு பார்வை பாக்கறது, க்ளிம்ப்ஸ் அது தானா கண்ணுல பட்டு மறையறது, இந்த ரெண்டையும் மாத்திப் போடறவங்க ரொம்ப பேரு. க்ளாட்னா சந்தோஷம்தான, அதுக்கு பழைய இங்கிலீஷ்ல பிரகாசமானதுன்னு அர்த்தம் இருந்துச்சு, முகம் மலர்ந்துச்சுன்னு நாம சொல்றாப்ல. க்ளூ (பசை), க்ளவ் (கையுறை) ரெண்டும் இந்த ஆட்டத்துல இல்ல, விட்டுடுங்க.

எஸ்-என், மூக்கு. ஸ்னீஸ் தும்மல், ஸ்னிஃப் மோந்து பாக்கறது, ஸ்னோர் குறட்டை, ஸ்னார்ட் மூக்கால உறுமறது, ஸ்னவுட் பன்னியோட நீட்டு மூஞ்சி, ஸ்னீர் மூக்கும் உதடும் சுழிச்சு ஏளனம் பண்றது. தும்மலுக்கு பழைய இங்கிலீஷ்ல எஸ்-என் கூட இல்ல, எஃப்-என்லதான் ஆரம்பிச்சுது. அந்த எஃப்-என் மொழிலருந்தே போனதும் இந்த வார்த்தை மூக்குக் கூட்டத்துல வந்து சேந்துகிச்சு. ஸ்னேக், ஸ்னோ, ஸ்னெய்ல் எல்லாம் மூக்கில்லாதவங்க.

டபிள்யூ-ஆர், முறுக்கறது. ரிஸ்ட் (திருகற மூட்டு, மணிக்கட்டு), ரிங் (துணிய பிழியறது), ரெஞ்ச் (திருகிப் பிடுங்கறது), ரிகிள் (நெளியறது), ரிங்கிள் (சுருக்கம்), ரீத் (வளைச்சுக் கட்டின மலர் வளையம்), ரை (கோணல் சிரிப்புக்கு). ராங்னா தப்பு, அதோட பழைய அர்த்தம் கோணலானது, வட ஐரோப்பாவோட பழைய நார்ஸ் மொழிலருந்து வந்தது. ரைட், அதாவது எழுதறது, மட்டும் முறுக்கறதுல வராது, அது கீறறதுலருந்து வந்தது, முன்ன எழுத்த செதுக்கத்தான செஞ்சாங்க.

படி 7: ஊமை எழுத்துக்கு வாய் குடுங்க

சத்தமே போடாத எழுத்த எதுக்கு எழுதணும்னு எல்லாருக்கும் கடுப்பு. அதே குடும்பத்துல இன்னொரு வார்த்தைய தேடுங்க, அங்க அந்த எழுத்து பேசும். சைன்ல ஜி ஊமை, சிக்னேச்சர்ல பேசுது. மசில்ல சி ஊமை, மஸ்குலர்ல பேசுது. ஆட்டம் (இலையுதிர்காலம்) கடைசில வர்ற என் ஊமை, ஆட்டம்னல்ல பேசுது. காலம்ல ஊமையா இருந்த என், காலம்னிஸ்ட்ல பேசுது. பாம்ல கடைசி பி ஊமை, பம்பார்ட்ல (சரமாரியா தாக்கறது) பேசுது.

டெட் (கடன்), டவுட் ரெண்டுலயும் வர்ற பி-க்கு ஒரு கூத்து இருக்கு. பிரெஞ்சுலருந்து வந்தப்ப அதுல பி இல்லவே இல்ல, லத்தீன்ல இருக்கே, நாம படிச்சவங்கன்னு காட்டிக்க வேணாமான்னு பின்னால எழுதினவங்க சொருகினது. நமக்கு அதுலயும் லாபம்தான், டெபிட் தெரிஞ்சா டெட் வந்துடும், டூபியஸ் (சந்தேகத்துக்குரிய) தெரிஞ்சா டவுட் வந்துடும். ஐலண்ட்ல வர்ற எஸ் மட்டும் முழுக்க தப்பான சொருகல், அந்த வார்த்தைக்கும் லத்தீனுக்கும் சம்பந்தமே இல்ல, ஐல்ங்கற வேற வார்த்தைய பாத்து ஒட்ட வச்சுட்டாங்க.

கே-என் (நீ, நைஃப், நாட், நைட்) வேற கதை, அந்த கே முன்ன நெசமாவே ஒலிச்சுது, 17ம் நூற்றாண்டு வாக்குல தேஞ்சு போச்சு. ஜெர்மன்ல முட்டிக்கு இன்னைக்கும் க்னீன்னு கே-ய சேத்துதான் சொல்றாங்க.

ஓ-யு-ஜி-எச் கூட்டத்த இங்க சும்மா சொல்லிட்டுப் போறேன்: தோ, த்ரூ, டஃப், காஃப், பவ், தாட். பழைய தொண்டை சத்தம் ஒண்ணு ஒவ்வொரு வார்த்தைலயும் ஒவ்வொரு மாதிரி செத்துப் போனதால ஆறு விதமா ஆச்சு. அர்த்தத்துல ஒரு ஒட்டும் இல்ல, குடும்பமா படிக்க முயற்சி பண்ணாதீங்க, ஒண்ணொண்ணா பழகறதுதான் வழி.

படி 8: இரட்டைப் பிள்ளைங்கள வேற வேற நாள்ல பாருங்க

ஒரு எழுத்துதான் வித்தியாசம், அர்த்தம் வேற. இதுங்கள ஒரே நாள்ல பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா கடைசி வரைக்கும் குழப்பம் தீராது. ஒண்ண நல்லா பழகிட்டு ஒரு வாரம் கழிச்சு அடுத்தத எடுங்க, கூடவே அந்த ஒரு எழுத்துக்கு காரணம் இருந்தா தேடுங்க.

ஸ்டேஷனரில ஏ வந்தா அசையாம நிக்கறது, இ வந்தா எழுதுபொருள். பழைய காலத்துல புத்தகம் விக்கறவங்க பல பேர் ஊர் ஊரா சுத்த, ஒரே இடத்துல நிலையா கடை போட்டவங்கள ஸ்டேஷனர்னாங்க, இ-ஆர் அங்கருந்து வந்தது, ஆக ரெண்டும் நிக்கறதுதான். டெசர்ட்ல ரெண்டு எஸ் வந்தா சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற இனிப்பு, பிரெஞ்சுல மேஜைய காலி பண்றதுங்கற டெஸ் பிளஸ் சர்வ், படி 2ல சொன்ன அதே கணக்கு. ஒரு எஸ்னா பாலைவனம், கைவிட்டுப் போறது. காம்ப்ளிமென்ட்ல இ வந்தா முழுமையாக்கறது, அதுக்குள்ள கம்ப்ளீட் இருக்கு, ஐ வந்தா பாராட்டு.

படி 9: நோட்டு

ஒரு பக்கம் ஒரு குடும்பம். நடுவுல எழுத்துக்கூட்டம், அதோட அர்த்தம் தமிழ்ல, சுத்தி அஞ்சுலருந்து ஏழு வார்த்தை, அதுக்கு மேல வேணாம். ஒவ்வொரு வார்த்தைக்கும் முதல்ல பிரிச்ச அர்த்தம் (கீழ இருந்து பாக்கறது), அப்புறம் இன்னைக்கு புழங்கற அர்த்தம் (சந்தேகப்படறது), ரெண்டையும் எழுதணும், ஏன்னா அதுக்கு நடுவுல இருக்கற தூரத்த நீங்களே தாண்டும்போதுதான் ஒட்டும். பக்கத்தோட அடில வேஷக்காரங்க பேர எழுதி அடிச்சு விடுங்க. சொந்த வாக்கியம் ஒண்ணாவது. மறுநாள், மூணாம் நாள், ஏழாம் நாள், பதினஞ்சாம் நாள் கையால மறைச்சுட்டு சொல்லிப் பாருங்க, தப்பாற வார்த்தைய மட்டும் திரும்ப மறுநாள் கணக்குல சேத்துடுங்க.

போரடிச்சா விளையாட்டுக்கு ஒண்ணு: ஏ, இ, ஐ, ஓ, யு அஞ்சு உயிரெழுத்தும் அதே வரிசைல ஒரே ஒரு தடவை வர்ற வார்த்தை ஃபசீஷியஸ் (நேரங்காலம் தெரியாம அடிக்கற கேலி) ஒண்ணு, அப்ஸ்டீமியஸ் (தீனி குடி ரெண்டுலயும் அளவோட இருக்கற) இன்னொண்ணு.

படி 10: பழைய லிஸ்ட்ட திரும்ப எடுங்க

ஆரம்பத்துல சொன்னேனே எட்டு வார்த்தை, இப்ப பிரிச்சுப் பாப்போம். அப்னா விலகி. அப்டக்ட், விலகி நடத்திட்டுப் போறது, கடத்தறது. அப்ரப்ட், பட்டுனு உடைஞ்சு விலகறது, திடீர்னு. அப்டிகேட், எனக்கு வேணாம்னு அறிவிச்சுட்டு விலகறது, ராஜா முடி துறக்கறது, அந்த டிக்குக்கும் சொல்றதுங்கற டிக்ட்டுக்கும் உறவு உண்டு. அப்ரகேட், போட்ட சட்டத்த விலக்கறது. அப்ஹார், உள்ள ஹாரர் இருக்கு பாருங்க, மயிர்க்கூச்செறிஞ்சு விலகறது, அருவருத்து வெறுக்கறது. அஞ்சு வந்துடுச்சா. மிச்சம் அபேட் (தணியறது), அபெட் (குத்தத்துக்கு உடந்தையா இருக்கறது), அபாஷ் (கூச்சப்பட வைக்கறது), இந்த மூணுலயும் விலகறதே கிடையாது, மூணுமே பிரெஞ்சு வழியா வந்த வேஷக்காரங்க, அதனால இதுங்கள வேற பக்கத்துல, ஒண்ணுக்கொண்ணு ஒரு வாரம் இடைவெளி விட்டு எழுதிக்கங்க.